கொடிக்காக நான் போட்ட மொட்டை மனு

பெயரும் முகவரியும் கையெழுத்தும் இல்லாத மனுவின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அதைக் கோப்பில் வைத்து முடித்துவிட வேண்டும். இது விதி. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெறும்வரை இந்த விதியை நான் எத்தனை தடவை பயன்படுத்தினேன் என்று கணக்கில்லை. மொட்டைக் கடிதம் மேசைக்கு வந்தால் இரண்டாம் வரிக்கு மேல் படிக்க மாட்டேன். ஓரத்தில் "பெயர் இல்லை, கோப்பில் வைக்க" என்று எழுதித் தள்ளிவிடுவேன். பெயர் போடத் துணிவில்லாதவனுக்கு அரசாங்கம் ஏன் காது கொடுக்க வேண்டும் என்று கீழே வேலை பார்த்தவர்களிடம் கேட்டும் இருக்கிறேன். நல்ல கேள்விதான்.

என் வாழ்நாளில் ஒரே ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அதற்கு மட்டும் இந்த விதி பொருந்தாமல் போனது.

பள்ளிபாளையத்தை ஒட்டிய விசைத்தறித் தெரு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் தறிச் சத்தம் இருக்கும், ஆகவே ஊர் விஷயம் எதையும் ஞாயிற்றுக்கிழமைதான் பேச முடியும். ஆகஸ்ட் பதினைந்துக்கு முந்தைய ஞாயிறு பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் தெருக்காரர்கள் கூடுவார்கள். மிட்டாய் யார் வாங்குவது, கம்பத்துக்கு யார் வெள்ளையடிப்பது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். கொடி யாருடையது என்ற பேச்சு மட்டும் வந்ததே இல்லை. அது என்னுடையது. ஓய்வு பெற்ற வருடம் கதர்க் கடையில் வாங்கிய கொடி. வருடத்துக்கு இரண்டு தடவை பெட்டியிலிருந்து எடுத்து, எப்படி மடிப்பது, எப்படிக் கட்டுவது, எந்த நேரத்தில் இறக்குவது என்று சொல்லி, நானே கயிற்றை இழுப்பேன். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற என்னைத் தெரு "தாசில்தார் ஐயா" என்று கூப்பிடுகிறது. நான் திருத்தவில்லை.

கொடி விதியைத் திருத்தி, இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டரும் ஆகலாம் என்று அரசு சொன்னதற்கு அடுத்த ஆகஸ்ட். வீடு தோறும் கொடி ஏற்றச் சொல்லியிருந்தார்கள். தேசம் முழுக்க வாதம் நடந்தது. எங்கள் டீக்கடையிலும் நடந்தது. ஒரு கட்சிக்காரர் கதரைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள் என்றார். இன்னொரு கட்சிக்காரர் ஏழை வீட்டிலும் கொடி பறந்தால் உனக்கு ஏன் எரிகிறது என்றார். இன்றைக்குத் துணியை மாற்றியவர்கள் நாளைக்கு நிறத்தை மாற்றுவார்கள், இது புதுக் கொடிக்கு வெள்ளோட்டம் என்று ஒருவர் சத்தியம் செய்தார். எங்கள் ஊர்த் தறிகளுக்கு மட்டும் இந்த வாதம் எட்டவில்லை. சுற்றுவட்டத்தில் அச்சடிக்கும் இடங்களில் மூன்று நிறத் துணி சுருள் சுருளாக ஓடியது. தையல் மெஷின் வைத்திருந்த பெண்கள் வீட்டிலேயே வெட்டி ஓரம் அடித்துக் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தயாராக வந்திருந்தேன். கையில் பழைய கொடி விதியின் நகல். இந்தத் தெருக் கம்பத்தில் பாலியஸ்டர் ஏறக் கூடாது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றேன். கையால் நூற்று, கையால் நெய்த துணிதான் கொடி, மற்றதெல்லாம் மூன்று நிறத்தில் ஒரு துணி, அவ்வளவுதான் என்றேன். இது அதே கொடி இல்லை, நம்மைக் கேட்காமல் நம் தலைக்கு மேலே ஏற்றிய புதுக் கொடி என்று குரலை உயர்த்தியதும் நினைவிருக்கிறது. நாற்பது பேர் அமைதியாகக் கேட்டார்கள். பேச்சு நன்றாக அமைந்தது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஏனுங்கய்யா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

என் வீட்டுக்குப் பின்வீட்டுக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போனவர், நான்கு வருடமாகத் திரும்பவில்லை, உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. ஒரு பெண் குழந்தை. பகலில் தறி, மாலையில் தையல். அந்த மாதம் அவர் அடித்தது முழுக்கக் கொடி ஓரம்தான்.

"கேளு அம்மணி" என்றேன், சபைத் தலைவர் தோரணையில்.

"நாங்க கைல நூக்கலீங்க, மெஷின்லதான் ஓட்டறோம். ஆனா அந்த மெஷினை ஓட்டறதும் கைதானுங்களே? இந்த ஊர்ல ஆரு ஊட்டுலீங்க ராட்டை இருக்குது?"

சிலர் தலையாட்டினார்கள். சட்டம் வேறு, சோறு வேறு என்று நான் தொடங்கினேன். அவர் முன்னால் வந்து என் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஊரில் துணியைத் தொட வேண்டியதில்லை; வெயிலில் அது மினுக்குகிற விதத்திலேயே கலவையைச் சொல்லிவிடுவார்கள்.

"குத்தமா நெனைக்காதீங். நீங்க போட்டிருக்கறதே அறுபத்தஞ்சுக்கு முப்பத்தஞ்சுங்க. அறுபத்தஞ்சு பங்கு பாலியஸ்டரு. அதைப் போட்டுக்கிட்டு கதர் நாயம் பேசறீங்களே."

 பிறகு தறிப்பட்டறைக்காரர் ஒருவர் சாவதானமாகக் கேட்டார்: "அப்ப முப்பத்தஞ்சு பங்குதானுங்களா தேசபக்தி?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அய்யோ, நான் அப்படிச் சொல்லலீங்" என்று பதறினார். நானும் சிரித்து வைத்தேன். தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை. அந்த வருடம் கம்பத்தில் ஏறியது அவர் ஓரம் அடித்த கொடி. ஏற்றச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள்; முதுகு வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதன் பிறகு டீக்கடையில் எனக்குப் புதுப் பெயர் வந்தது. "முப்பத்தஞ்சு வாராரு" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் இருமி மறைப்பான். இரண்டு மாதத்தில் ஓய்ந்துபோகிற கிண்டல்தான். அரசு அலுவலகத்தில் இருந்தவன் எவ்வளவோ பெரிய அவமானங்களை மோர் குடிக்கிற மாதிரிக் குடித்துவிட்டு வருவான். இதை என்னால் குடிக்க முடியவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மிதவையைப் பார்க்கத் தொட்டி மேடை மேல் ஏறினேன். மொட்டை மாடியில் நின்றால்கூடத் தெரியாது. மேடை மேல் ஏறினால்தான் பின்வீட்டுக் கொல்லை தெரியும். அங்கே கூரையில்லாத குளியல் மறைப்பு. மூன்று பக்கம் தென்னந்தடுக்கு. நான்காம் பக்கம் ஒரு துணி. காவி, வெள்ளை, பச்சை. சக்கரம் வெள்ளையில் இல்லை, வழுக்கிப்போய்ப் பாதி பச்சை மேல் விழுந்திருந்தது. அச்சில் தவறிப்போன துணி. அப்படிக் கழிந்ததை அச்சுக்கூடத்தார், தைக்கும் பெண்களுக்கே வாரிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கழிவுத் துணி வீணாவதில்லை. தலையணைக்குள் போகும், தறிக்குப் போர்வையாகும், மெஷின் துடைக்க ஆகும்.

நான் மேடையிலிருந்து இறங்கியபோது மனுவின் முதல் பத்தி தயாராகிவிட்டிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை அவமதித்தால்தான் குற்றம். ஒரு பெண்ணின் கொல்லைப்புறம் பொது இடம் இல்லை. என் தண்ணீர்த் தொட்டி மேடை பொதுமக்கள் நடமாடும் இடம் இல்லை. இடம் மாறி விழுந்த சக்கரத்தோடு இருப்பது கொடிதானா என்பதே கேள்வி. இது அத்தனையும் தெரிந்துதான் "பொதுமக்கள் பார்வையில் படும்படி, குளிக்கும் இடத்தில் தேசியக் கொடியைக் கட்டி வைத்துள்ளார்" என்று எழுதினேன். தெரியாமல் எழுதியிருந்தால் அது தவறு. தெரிந்து எழுதியதற்கு வேறு பெயர்.

மாவட்ட ஆட்சியருக்கு இடது கையால் எழுதினேன். மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கற்றிருந்தேன். ஊர்த் தபால் பெட்டியில் போடவில்லை. பாலத்தைக் கடந்து ஈரோட்டுக்குப் போய்ப் போட்டேன். முத்திரையில் வேறு மாவட்டம் விழும். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஒரு இளநீர் குடித்தேன். மனசு லேசாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பெயர் இல்லாத மனுதானே, விதிப்படி கோப்பில் வைத்துவிடுவார்கள், என் ஆத்திரம் தீர்ந்ததே போதும் என்று நினைத்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். கொடி என்ற ஒரு சொல் இருக்கிற மனுவை எந்த அதிகாரியும் கோப்பில் வைக்கத் துணிய மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை முதல் வரியிலேயே போட்டதும் அதற்காகத்தான்.

தீபாவளிக்கு முன் ஒரு காலையில் பின்வீட்டுக் கொல்லையில் புதுக் குரல்கள் கேட்டன. மாடிக்குப் போய், மேடை மேல் ஏறித் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். ஒரு பெண் தலைமைக் காவலர், கூட ஒரு கிராம உதவியாளர். பின்வீட்டுப் பெண் ஈரக் கையோடு நின்றார்.

"இது என்னம்மா துணி?"

"கழிஞ்ச துணிங்க. சக்கரம் தப்பி உழுந்ததுங்க. மறைப்புக்குக் கட்டினேனுங்க."

"கொடின்னு தெரியாதா?"

"கொடின்னா தெச்சுக் குடுத்துருப்பேனே. இது கொடியில்லீன்னுதானுங்க குடுத்தாங்க."

காவலர் சுற்றிலும் பார்த்தார். இடது பக்கம் தறிப்பட்டறைச் சுவர், வலது பக்கம் தென்னை, முன்னால் வீடு. "ரோட்டுல இருந்து பாத்தா ஒண்ணுந் தெரியலையே. எங்கிருந்து பாத்துத்தான் எழுதுனான்?" என்றார். கிராம உதவியாளர் மெல்லத் தலையை உயர்த்தினார். அவரைப் பார்த்துக் காவலரும் உயர்த்தினார். கடைசியாக அந்தப் பெண்ணும்.

நான் குனிந்துவிட்டேன். வட்டாட்சியர் பொறுப்பைக்கூடச் சில மாதம் கூடுதலாகப் பார்த்தவன், சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கீழே காவலர் சொன்னது தெளிவாகக் கேட்டது: "குளிக்கிற இடத்தை ஏறி நின்னு பாக்கறவனுக்குக் கொடி மேல அக்கறையாமா!"

அன்று மதியம் சோறு போடும்போது என் மனைவி அதையே பேசினார். "அந்தப் புள்ளை தானுண்டு தம்பொழப்புண்டுன்னு கெடக்குது. இப்படி எழுதிப் போட்டவன் கை வெளங்குமா?" எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. நான் எழுந்துவிட்டேன், பூகம்பம் வந்தால் எழுவதுபோல.

"ஐயா, ஒரு பதில் எழுதிக் குடுக்கோணுமுங்க. எழுத்துமூலமா வெளக்கம் கேக்கறாங்க. இந்தத் தெருவுல வேற ஆருக்குங்க இதெல்லாந் தெரியும்?"

பைக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது. பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் உதவியாளர் பணிக்கு அவர் போட்ட விண்ணப்பத்தின் நகல். ஆடியில் அதை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். நேர்காணல் முடிந்து, பட்டியலில் முதல் பெயர் அவருடையது. ஆணை வர வேண்டியதுதான் பாக்கி. தறிப் பஞ்சு நெஞ்சில் ஏறி வருடத்தில் பாதி நாள் இருமுகிறவருக்கு அந்த ஆணை என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது கொடி விஷயத்தில் விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று ஆணையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"எத்தன நாளு புடிக்குமுங்க?" என்று கேட்டார்.

"விளக்கம் கொடுத்தால் முடிந்துவிடும் அம்மணி."

எழுதினேன். பொது இடம் அல்ல என்பதற்கு ஒரு பத்தி, கொடியின் இலக்கணத்துக்கு உட்படாத துணி என்பதற்கு ஒரு பத்தி, உள்நோக்கம் இல்லை என்பதற்கு ஒரு பத்தி. இடது கை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் வலது கை பதில் சொன்னது. எழுதி முடித்துப் படித்தபோது, அட, எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறது.

விளக்கம் போனது. குற்றம் எதுவும் இல்லை என்று காவல் நிலையத்திலிருந்து அறிக்கையும் போனது. ஆணை வரவில்லை. அங்கன்வாடி அலுவலகத்தில் கேட்டால், மனு முடிக்கப்பட்டதாக மாவட்ட அலுவலகத்திலிருந்து தாள் வேண்டும் என்றார்கள். நானே நாமக்கல் போனேன். மனுப் பிரிவில் இருந்த உதவியாளர் என்னைத் தெரிந்தவர். காப்பி வாங்கிக் கொடுத்தார், கோப்பையும் எடுத்துப் போட்டார். மேலே என் இடது கை எழுத்து. கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருந்தது.

"பேரு இல்லாத மனுவை விசாரணைக்கே எடுத்திருக்கக் கூடாதே" என்றேன், விதி பேசும் குரலில்.

"எடுக்கக் கூடாதுங்க சார். எடுத்தாச்சுங்களே" என்றார். "கொடின்னு போட்டிருக்குது. ஆபீசர் பயந்துட்டாரு. நாளைக்கு ஏதாவது பேப்பர்ல வந்துட்டா?"

"சரி, இப்ப முடிச்சுக் குடுத்துடலாமே?"

"முடிக்கோணும்னா மனுதாரருக்குப் பதில் போடோணும், எதிர்மனுதாரருக்கு நகல் போடோணும். இங்க மனுதாரரே இல்ல. ஆருக்குப் போடறதுங்க? பதில் போகாத மனு கம்ப்யூட்டர்ல நிலுவைன்னேதான் காட்டும்."

உறையைத் திருப்பிக் காட்டினார். "ஈரோட்டு முத்திரை. அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க, பள்ளிபாளையத்துக்காரன்தான்னு. உங்கூருக்காரங்க மொட்டைப் பெட்டிசன் பூராப் பாலத்தைத் தாண்டித்தானுங்க போடுவாங்க. அவங்க ஒரு பேரை மட்டும் போட்டுட்டா ஒரே நாள்ல முடிஞ்சு போயிரும் சார்."

காப்பி ஆறிவிட்டிருந்தது. அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம்: இந்த மனுவை அனுப்பியவன் நான், திரும்பப் பெறுகிறேன். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததெல்லாம் நடைமுறைதான். அவர் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதற்கு ஒரு நினைவூட்டு எழுதினேன். மேல்முறையீடு எழுதினேன். திங்கள்கிழமை மனு நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். அன்றைக்குத் தறிக் கூலியை விட்டுவிட்டு வந்த அவர், பேருந்தில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார், முறுக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு கையெழுத்தால் முடிகிற காரியத்துக்கு மூன்று மாதம் எட்டு விண்ணப்பம் எழுதினேன். தெருவில் "அந்தப் புள்ளைக்காக நாயா அலையறாரு" என்று பெயர் வந்தது. முப்பத்தைந்து என்கிற பெயர் அதில் அடிபட்டே போனது. அந்தப் பாராட்டையும் நான் திருத்தவில்லை.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த வாரம், கையெழுத்து வாங்க இன்னொரு நினைவூட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் இருந்தார். கொடி முடிந்து இப்போது பள்ளிச் சீருடை. காகிதத்தை வாங்கி முழுதும் படித்தார். பத்தாம் வகுப்பு முடித்தவர், நிதானமாகப் படிப்பார். கையெழுத்துப் போடாமல் மெஷின் மேல் வைத்தார்.

"போதுமுங்கய்யா."

"இது ஒண்ணு போனா..."

"இன்னும் ஒம்பது போனாலும் ஒண்ணும் ஆகாதுங்க. மனுப் போட்டவங்க பேரைக் கேக்கறாங்க. போன மாசமே ஆபீசுல எனக்கும் சொல்லிப்போட்டாங்க." இரண்டு முறை இருமினார். "அந்தப் போலீசக்கா மேல பாத்தாங்களே, அன்னிக்கு நானும் பாத்தேனுங்க. தொட்டிக்குப் பின்னால வேட்டி நுனி தெரிஞ்சுது."

நான் காகிதத்தைத் திரும்ப எடுத்து நான்காக மடித்தேன்.

"அதனாலதானுங்க மறாநாளு உங்ககிட்டயே வந்தேன். போட்டவங்களுக்குத்தானுங்க எடுக்கவும் தெரியும். நீங்களா எடுத்துப் போடுவீங்கன்னு பாத்தேன். கூட வந்தீங்க, எழுதினீங்க, நல்லாத்தான் எழுதினீங்க..." மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "அன்னிக்குச் சட்டையச் சொன்னது தப்புத்தானுங்க. எல்லாரும் சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அதுக்கு மொகத்துக்கு நேரா ஒரு வார்த்தை வஞ்சிருந்தா கேட்டுக்கிட்டுப் போயிருப்பேன்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வரிசை மாறிவிட்டது, அதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நாளைக்கே போய்ப் போட்டுடறேன்" என்று அலுவலகத் தகவல்போலச் சொன்னேன்.

"போங்க. பட்டியலு மாசியோட காலாவதியாகுதுங்களாமா."

மறுநாள் போட்டேன். என் முழுப் பெயர், முகவரி, ஓய்வு பெற்ற பதவி. உதவியாளர் வாங்கிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தினார். காப்பி வரவில்லை. ஒரே நாளில் முடியும் என்று முன்பு சொன்னவர் இப்போது, "ஆபீசர் மாறிட்டாருங்க. புதுசா வந்தவரு ஒரு தடவை முழுசாப் பாக்கோணும்பாரு. பாத்து அனுப்பறோம்" என்றார். தாமதத்தைப் பற்றி அவரிடம் பேசும் தகுதி எனக்கு இல்லை.

சேதி எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. எதிர்பார்த்தது நடக்கவில்லை, யாரும் துப்பவில்லை. கதரைப் புதைத்துவிட்டார்கள் என்று ஆகஸ்டில் சொன்ன கட்சிக்காரர் டீக்கடையில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதானாமே! சரியாத்தானுங்க பண்ணியிருக்கறீங்க. ஒருத்தராவது கொடிக்காக நின்னீங்களே." ஏழை வீட்டிலும் பறக்கட்டும் என்று சொன்ன மற்றவரும் ஆமோதித்தார். இரண்டு கட்சியும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். என் மனைவி ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் கையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழவில்லை.

மாசி முடிந்தது. பட்டியல் காலாவதியாவதற்கு முன், தடையேதும் இல்லாத இரண்டாம் பெயருக்கு ஆணை போனது. மல்லசமுத்திரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை; குழந்தைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்கிறார்கள். பின்வீட்டில் தறி நேரத்துக்குக் கதவு சாத்தும் சத்தமும், மாலையில் மெஷின் சத்தமும், இடையிடையே இருமலும் முன்போலவே கேட்டன. மறைப்பின் நான்காம் பக்கத்துக்கு அவர் தகரம் வாங்கி அடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் ஏறிப் பார்க்கவில்லை.

பங்குனி வெயிலில் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். மனுதாரர் என்று என் பெயருக்கு முன்னால் அச்சாகியிருந்தது. தாங்கள் அளித்த மனு விசாரிக்கப்பட்டது, அதில் கண்ட குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, தங்கள் வேண்டுகோளின்படி மனு முடிக்கப்பட்டது, நகல் எதிர்மனுதாரருக்கு. மூன்று வரி. ஒரு சொல்கூடத் தவறில்லை. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

"பின்னால ஊட்டுக்கும் இதேதானுங்க, மொதல்ல அங்க குடுத்துட்டுத்தான் வாரேன்" என்று தபால்காரர் பட்டியலை நீட்டினார். அதில் அவர் பெயர் எழுதி, பக்கத்தில் அவர் கையெழுத்து, மெதுவாக, முழுதாக. அதற்கு அடுத்த கட்டம் எனக்கு. கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன்: மார்ச் இருபது, திங்கட்கிழமை.